முப்பத்திரண்டாம் தேதி

என் தங்கை மகள் சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை செய்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவள், மீன் குழம்பைப் பார்க்காமல் மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். யாரோ ஒரு வாடிக்கையாளருடைய பழைய பதிவுகளை எடுத்துப் புது டேட்டாபேஸில் ஏற்றுகிறார்களாம். கொஞ்சம் வரிகளை மட்டும் 'தேதி சரியில்லை' என்று திருப்பி அனுப்புகிறதாம். அந்தக் கொஞ்சத்தைச் சரிபண்ணிவிட்டால் திங்கட்கிழமை நிம்மதி என்றாள். மிச்சமெல்லாம் என்ன ஆயிற்று என்றேன்.

"அதெல்லாம் ஏறிடுச்சி பெரிம்மா. அதுல ஒண்ணும் பிரச்சினை இல்ல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. ஏறாததை விடு, ஏறினதைப் போய்ப் பார் என்றேன். உங்கள் காலத்தில் கம்ப்யூட்டர் ஏது, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். எங்கள் காலத்திலும் கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு அறை அளவுக்கு இருந்தது. அதை நம்பியவர்களும் இன்றைக்கு இருக்கிற அதே அளவில்தான் இருந்தார்கள்.

எனக்குச் சொந்த ஊர் கவரைப்பேட்டை. எங்கள் அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். நான் பத்தாவதைத் தாண்டியதும், பொன்னேரியில் டைப்ரைட்டிங் படிக்க வைத்தார் எங்கள் சபைப் பாதிரியார். பிறகு மெட்ராஸில் சில மாதம் கார்டு பஞ்சிங், அதாவது கம்ப்யூட்டருக்கான அட்டையில் ஓட்டை போடும் வேலை, பழகினேன். இவ்வளவுதான் என் கல்வி வரலாறு. அறுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரும்புக் குழாய் செய்யும் ஒரு தொழிற்சாலை வந்தது. கொஞ்ச காலம் கழித்து அதில் எனக்கு ஆபரேட்டர் வேலை கிடைத்தது. தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். இப்போது அந்த இடத்தில் வேறு ஏதோ இருக்கிறது.

எங்கள் அறைக்கு மட்டும் ஏ.சி. உண்டு. உடனே எங்களைப் பெரிய இடம் என்று நினைத்துவிடாதீர்கள். குளிர்ச்சி எங்களுக்கு இல்லை, அட்டைகளுக்கு. ஈரக் காற்று பட்டால் அட்டை உப்பிப்போய் மெஷினில் சிக்கிக்கொள்ளும். உலை முன்னால் நின்று வெந்துகொண்டிருந்த ஆட்கள் எங்கள் கதவு திறக்கும்போதெல்லாம் இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்கள். மனுஷன் உப்பினால் கம்பெனிக்கு நஷ்டமில்லை, அட்டை உப்பினால் நஷ்டம்.

அட்டை என்றால் ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய அட்டை, அதில் எண்பது கட்டம். ஒரு ஆளின் பெயர், பிறந்த தேதி, வேலைக்குச் சேர்ந்த தேதி எல்லாம் அந்த எண்பதுக்குள் அடங்க வேண்டும். நான் தாளைப் பார்த்து விசையைத் தட்டினால் அட்டையில் ஓட்டை விழும். என் பக்கத்தில் லலிதா. அவள் அதே தாளைப் பார்த்து, அதே அட்டையை இன்னொரு மெஷினில் செருகி, மறுபடி தட்டுவாள். இரண்டும் ஒத்துப்போனால் மெஷின் அட்டையின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு வெட்டும். வெட்டு விழுந்தால் அது சத்தியம். தாளே தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்கும் மெஷினைக் கம்பெனி வாங்கவில்லை. கண்ணில் பட்டதைத் தட்ட வேண்டும், யோசிக்கக் கூடாது என்பதுதான் எங்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம். அதில் நாங்கள் முதல் வகுப்பில் தேறியிருந்தோம்.

எங்கள் அதிகாரி வரதராஜன் சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. மெஷின் வேலை செய்யும்போது மனிதன் உட்காருவது மரியாதை இல்லை என்று நினைக்கிறார் போல என்பாள் லலிதா. காலையில் செருப்பை வெளியே விட்டுவிட்டு வருவார். மஞ்சள் துணியால் ஒவ்வொரு மெஷினாகத் துடைப்பார். பிறகு தன் மேசைக்குப் பின்னால் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழிப்பார். அந்தத் தாளை வேறு யாரும் தொடக்கூடாது. அட்டைப் பெட்டிகள் வாரம் ஒருமுறை மெட்ராஸ் கம்ப்யூட்டருக்குப் போகும். ராகுகாலத்தில் பெட்டி வாசலைத் தாண்டாது. விஞ்ஞானத்துக்கும் பஞ்சாங்கத்துக்கும் அவரிடம் சண்டையே கிடையாது.

குரலை உயர்த்தமாட்டார். "மிஸ் செல்வமேரி, இதை மறுபடி பார்க்க முடியுமா?" என்பார். முடியாது என்று சொல்ல அந்தக் கேள்வியில் இடமே இருக்காது. சம்பளம் குறைகிறது, லீவு கணக்குத் தப்பு என்று யார் வந்தாலும் நின்றபடியே முழுக்கக் கேட்பார். கேட்டு முடித்த பிறகுதான், "மெஷின் பொய் சொல்லாதுப்பா" என்று சொல்லி அனுப்புவார். கேட்காமலே அனுப்புகிற அதிகாரிகள் மத்தியில் அவர் தங்கம்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எல்லாத் தொழிலாளர்களின் விவரத்தையும் அட்டையில் ஏற்றும்படி தலைமை அலுவலகம் உத்தரவு போட்டது. அதற்காக ஒரு படிவம் வந்தது. சேர்ந்த தேதிக்கு ஆறு கட்டம்: நாளுக்கு இரண்டு, மாதத்துக்கு இரண்டு, வருஷத்துக்கு இரண்டு. எண் மட்டும் எழுத வேண்டும். ஆட்களின் வருகைக் கணக்கைப் பார்க்கும் டைம் ஆபீஸில் கோபால் என்ற குமாஸ்தா அதை நிரப்பி எங்களுக்கு அனுப்பினார்.

ஆபீஸ் ஆட்களுக்கு நியமன உத்தரவு இருந்தது, இங்கிலீஷ் தேதியோடு. கட்டட வேலை நடந்த காலத்தில் கேட்டில் நின்று சேர்ந்த கூலியாட்களுக்கு அதெல்லாம் ஏது? அவர்களைச் சேர்த்துக்கொண்ட மேஸ்திரி தனக்குத் தெரிந்த தமிழ்த் தேதியில் எழுதி வைத்திருந்தார். வருஷம் மட்டும் கம்பெனி கொடுத்த நோட்டின் அட்டையில் இங்கிலீஷில் அச்சாகியிருந்தது. கோபால் உத்தரவை மீறாதவர். மாதத்தை எண்ணில் எழுது என்றால் எழுதத்தானே வேண்டும்? சித்திரை ஒன்று, வைகாசி இரண்டு என்று விரல்விட்டு எண்ணினார். ஆனிக்கு 03, தைக்கு 10. அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பினார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் யாரையும் கேட்கவில்லை. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது என் முன்னால் இருந்தது எண்கள்தான். தட்டினேன். லலிதாவும் தட்டினாள். வெட்டு விழுந்தது.

மெட்ராஸ் கம்ப்யூட்டர் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது. எட்டு அட்டைகளை மட்டும் திருப்பி அனுப்பியது. எட்டிலும் சேர்ந்த தேதி 32, மாதம் 03. வரதராஜன் சார் வருத்தப்பட்டார். தாளை எடுத்துக் காட்டினோம், அதிலும் 32தான். "டைம் ஆபீஸ் கவனக்குறைவு. மார்ச்சில் ஏதும்மா முப்பத்திரண்டு?" என்றார். பென்சிலை எடுத்து எட்டுத் தாளிலும் 32ஐ அடித்து 31 என்று பொடியாக எழுதினார். அடுத்த வாரம் எட்டும் ஏறிவிட்டன. பிழை ஒன்றுகூட இல்லாத முதல் தொழிற்சாலை நாங்கள்தான் என்று தலைமை அலுவலகம் பாராட்டியது. அன்று எல்லாருக்கும் சார் காபி வாங்கிக் கொடுத்தார். அந்தக் காபியை நினைத்தால் இப்போதும் நாக்கு கசக்கிறது.

அதற்கப்புறம் மின்வெட்டுக் காலம் வந்தது. உலை பாதி நாள் அணைந்து கிடந்தது. அட்டைகளின் ஏ.சி. மட்டும் ஜெனரேட்டரில் ஓடியது. ஆட்களைக் குறைப்பது என்று நிர்வாகம் முடிவு செய்தது: நாற்பது பேர், கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில். யார் கடைசி என்று மெஷின் சொல்லும். யூனியன்காரர்களுக்கும் அதில் சந்தோஷம்தான். மெஷினுக்கு மாமன் மச்சான் கிடையாது, சாதி சபை கிடையாது, அது போட்ட லிஸ்ட்டை யாரும் குறை சொல்ல முடியாது என்று கூட்டத்திலேயே பேசினார்கள்.

லிஸ்ட் வந்தது. அதில் என் அண்ணன் ஞானப்பிரகாசம் பெயர் இருந்தது. கவரைப்பேட்டையிலிருந்து அவரோடு ஒரே நாளில் சேர்ந்த மற்ற ஏழு பேரின் பெயரும் இருந்தது. அண்ணன் உலையில் வேலை. அவருக்கு இரண்டு பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில். வேலை போனால் திரும்பவும் அடுத்தவர் நிலத்துக் களத்துமேட்டில் போய் நிற்க வேண்டும். அப்பா எந்த இடத்திலிருந்து எங்களைத் தூக்கிவிட்டாரோ, அதே இடம். அண்ணன் அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"அக்டோபர்ல சேந்தன்னு போட்டுக்கீறான். நான் சேந்தது பொங்கல் முட்ச்சி அஞ்சா நாளு. ஊட்ல கரும்பு மிச்சம் இருந்துச்சி, அத்த கட்ச்சிக்கினுதான் நடந்து போனேன். அக்டோபர்ல எவம்மா கரும்பு துன்றான்?"

மறுநாள் போய் அவருடைய தாளைத் தேடி எடுத்தேன். 05-10. கோபால் எழுத்து சுத்தமாக இருந்தது. அட்டையும் அதையேதான் சொன்னது. அண்ணன் பொய் சொல்லமாட்டார், மெஷினும் பொய் சொல்லாது. நடுவில் நான் பேஜாராகி நின்றுகொண்டிருந்தேன். அப்போது வரதராஜன் சார் மஞ்சள் துணியை மடித்து வைத்துவிட்டு, காலண்டர் தாளைக் கிழித்தார். பெரிய எழுத்தில் ஜூலைத் தேதி. அதன் கீழே சின்ன எழுத்தில் ஆனி 29. தினமும் பார்க்கிற தாள்தான். ஆனி, மூன்றாவது மாதம். தை, பத்தாவது மாதம்.

சாரிடம் போய்ச் சொன்னேன். வழக்கம்போல் முழுக்கக் கேட்டார். பிறகு மெதுவாக, "உங்க அண்ணன் பேர் லிஸ்டில் இருக்கு, இல்லையா?" என்றார்.

"இருக்கு சார். அதனாலதான் பாத்தேன். இல்லன்னா பாத்திருக்கமாட்டேன்."

அவர் முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் வாயில் அந்தப் பழைய வாக்கியம் வந்துகொண்டிருந்தது. அது வருவதற்குள், ஆனியில் எத்தனை நாள் சார் என்று கேட்டேன். வருஷா வருஷம் தன் அப்பாவுக்குத் தமிழ் மாதம் பார்த்துத் திவசம் கொடுக்கிற மனிதர் அவர். திரும்பி, காலண்டரில் மேல் தாள்களை ஒவ்வொன்றாகக் கிழிக்காமல் தூக்கிப் பார்த்தார். முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. அதற்கடுத்த தாளில் ஆடி 1. அந்த எட்டுத் தாள்களைக் கொண்டுவரச் சொன்னார். தன் பென்சில் எழுத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தோம். லலிதா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

நாங்கள் தப்பு என்று நினைத்துத் திருத்திய எட்டுத் தேதிகள்தான் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தன. சண்டை போடாமல் ஏறிய தமிழ்த் தேதிகள் அத்தனையும் பொய். ஜனவரியில் சேர்ந்த எங்கள் ஆட்களை மெஷின் அக்டோபருக்குத் தள்ளியிருந்தது. ஜூலை நடுவில் சேர்ந்தவர்களை மார்ச்சுக்கு ஏற்றியிருந்தது.

சார் தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "லிஸ்டிலிருந்து எட்டு பேரை எடுத்தால் வேறு எட்டு பேரைப் போடச் சொல்வார்கள். நாற்பது நாற்பதுதான். யாரைப் போடுவார்கள் என்று உங்களுக்குப் புரிகிறதா?"

அதுவரை எனக்கு அண்ணனைத் தவிர எதுவும் புரியவில்லை. அப்போது புரிந்தது. அந்த முப்பத்திரண்டாம் தேதி ஆட்கள், உண்மையில் அண்ணனுக்கு ஆறு மாதம் பின்னால் சேர்ந்தவர்கள். எட்டுப் பேரும் பழவேற்காட்டு ஏரிப் பக்கத்து மீனவர்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் ஏழுமலை. எங்கள் அண்ணனோடு அதே உலையில் நின்றவர்.

சம்பந்தப்பட்டவர்கள் வாயாலேயே சேர்ந்த நாளைக் கேட்டு எழுத வேண்டும் என்றார் சார். காரணத்தைச் சொல்லாமல் கேட்க வேண்டும், சொல்லிவிட்டுக் கேட்டால் அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை என்பது அவருடைய முறை. கோபாலை அனுப்பினால் மறுபடி விரல்விட்டு எண்ணுவார், நீங்களே போங்கள் என்று என்னிடம் கொடுத்துவிட்டார். அண்ணன் ஆட்கள் எட்டுப் பேரும் கரும்பையும் பொங்கலையும் சாட்சி வைத்துச் சொல்லிவிட்டார்கள். அது சுலபம்.

ஏழுமலை ஷிப்ட் முடிந்து புதுவாயல் கூட்டுரோட்டில் பஸ் மாறுவார். அங்கே டீக்கடையில் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து, "இன்னாம்மா, ஞானம் தங்கச்சி, இந்தப் பக்கம்?" என்று எனக்கும் ஒரு டீ சொன்னார். வேலைக்குச் சேர்ந்த நாள் நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"மறக்குமா? ஆனி முப்பத்ரெண்டு. மறுநா ஆடி பொறக்குது. ஆடில புது வேலைக்குப் போவக்கூடாதுன்னு ஊர்ல ஒரே பேச்சு. நாங்க எட்டு பேரும் வலைய அப்பிடியே போட்டுட்டு அன்னிக்கே ஓடியாந்துட்டோம். நான் படகுல என் பங்க தம்பிக்கு உட்டுக்குடுத்துட்டு வந்தேன்."

எழுதிக்கொண்டேன். பிறகு எதற்காகக் கேட்டேன் என்பதையும் சொன்னேன். மறைத்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அவர் டீயை முழுக்கக் குடித்து முடித்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"மெஷின் தானா குடுத்துச்சி. நீ வந்து டீய குட்ச்சிக்கினே புடுங்கிக்கினு போற. நான் வேற நாளு சொல்லியிருந்தா?"

"எங்க அண்ணன் வெளிய போயிருப்பாரு."

"சரி போ. சொன்னத முழுங்க முடியாது."

எனக்கு அவமானமாக இருந்தது. நான் உண்மையைத்தான் கண்டுபிடித்திருந்தேன், அதிலே சந்தேகமில்லை. ஆனாலும் அவர் வாங்கிக் கொடுத்த டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். இதற்கு மேல் அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வரதராஜன் சார் எல்லாத் தமிழ்த் தேதிகளையும் இங்கிலீஷுக்கு மாற்றி, தாமே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஆமாம், உட்கார்ந்துதான். புது லிஸ்ட்டோடு நிர்வாகத்திடம் போனார். தப்பு நம்முடையது, அதனால் எட்டுப் பேரை எடுக்கும்போது வேறு எட்டுப் பேரைப் போட வேண்டாம், முப்பத்திரண்டு பேரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று வாதாடினாராம். எண்ணிக்கைகூடப் பொருத்தமாக இருக்கிறது என்று நான் நினைத்தேன். மேலே இருந்தவர் சிரித்துக்கொண்டே, "மிஸ்டர் வரதராஜன், மெஷின் பொய் சொல்லாது என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? இப்போது அது உண்மையைச் சொல்கிறது. அப்புறம் என்ன?" என்று கேட்டாராம். தன் வாழ்நாள் வாக்கியம் தன் தலைமேலேயே விழுந்ததை அவர் எங்களிடம் மறைக்காமல் சொன்னார். அதன் பிறகு அந்த வாக்கியத்தை அவர் வாயில் நாங்கள் கேட்டதில்லை.

இவ்வளவு நடந்தபின் நிர்வாகம் சும்மா இருக்குமா? ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி எந்தப் படிவத்திலும் நாள் என்ற கட்டத்தில் 31க்கு மேல் எழுதக்கூடாது, எழுதினால் ஒழுங்கு நடவடிக்கை. மாதத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. கோபால் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் மேசைக்கு மேலே பசை தடவி ஒட்டிக்கொண்டார்.

அண்ணன் வேலை தப்பியது. அங்கேயே இருந்து ஓய்வும் பெற்றார். மூன்றாவது பிறந்தது பெண். அந்தக் குடும்பத்தில் இன்றைக்கு எல்லாரும் படித்தவர்கள். நான் செய்தது தப்பு என்று அவர்களில் யாரும் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லமாட்டேன். ஆனால் அண்ணன் ஏழுமலையைப் பார்க்கக் கூசிக்கொண்டு, கடைசி நாள் அவர் ஷிப்டில் நிற்கவில்லை. அடுத்த ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதனால் அவரை வழியனுப்ப கேட்டில் நின்றது நான்தான். எட்டுப் பேரும் அடையாளச் சீட்டைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டு வரிசையாக வெளியே வந்தார்கள். ஆகஸ்டு பிறந்திருந்தது. தமிழில் ஆடி பாதி. வருத்தமாக இருக்கிறது என்று ஏழுமலையிடம் சொன்னேன். அவர் நின்றார். குரலில் சூடு இல்லை, ஏதோ சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"ஆடில வேலைக்கு சேரக்கூடாதுன்னு தெரியும். ஆடில வேலைய உட்டு அனுப்பலாமா? உங்க மெஷின கேட்டு சொல்லும்மா."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். நான் உள்ளே வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த அறையில் என் இடத்தில் உட்கார்ந்தேன். வேலையிலிருந்து நீங்கியவர்களுக்குப் புது அட்டை போட வேண்டியிருந்தது. முதல் தாள் ஏழுமலையுடையது. சேர்ந்த நாள் 16, மாதம் 07. தட்டினேன். லலிதா அதை வாங்கி மறுபடி தட்டினாள். தேதி இந்தத் தடவை சரியாக இருந்தது. அட்டையின் ஓரத்தில் வெட்டு விழுந்தது.